முயல் இல்லாத சாலை

— ரேடாரை மோப்பம் புடிக்கிற இந்தப் பெட்டி வாயே திறக்கலே, ஆபீசர். ரெண்டு வருஷமா இந்த இடத்துக்கு ரெண்டு மைலுக்கு முன்னாடியே கத்தி ஊரைக் கூட்டும். இன்னைக்குன்னு பாத்து ஊமையாயிடுச்சு, பாத்துக்குங்க.

— மொதல்ல இன்ஜினை அணைங்க. லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ்.

— லைசென்ஸ் இந்தாங்க. மத்ததெல்லாம் அந்த டப்பாவுக்குள்ள மாட்டுத் தடுப்பூசி நோட்டீஸுக்கு அடியில எங்கேயோ கிடக்கு. கையை உள்ளே விடறேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

— நிதானமாவே எடுங்க. என்ன வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா?

— அதை நீங்கதானே சொல்லணும். அதுக்குத்தானே அங்கே நிக்கிறீங்க.

— தொண்ணூத்து நாலு. இங்க எழுபது மைலுக்கு மேல கூடாது.

— தொண்ணூத்து நாலா? இந்தக் கிழட்டு வண்டிக்கு இன்னும் அவ்வளவு தெம்பு இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

— லைல் டிபெட்ஸ். அறுபத்து மூணு வயசு. ஊர் ஈலி. மிஸ்டர் டிபெட்ஸ், வண்டியை விட்டு இறங்காதீங்க. உங்க பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு வரேன்.

— எதுக்கு அந்த வெயில்ல நடக்கிறீங்க? என் லைசென்ஸ்ல ஏறியிருக்கிற தப்புப் புள்ளியை நானே சொல்லிடறேன். ஒன்பது புள்ளி.

— நான் பாத்துத்தான் ஆகணும். இருங்க.

— இருக்காம எங்கே போகப் போறேன்? முன்னாலயும் எழுபது மைலுக்கு ஒண்ணுமில்லே, பின்னாலயும் ஒண்ணுமில்லே.

— நீங்க சொன்னது சரிதான், மிஸ்டர் டிபெட்ஸ். ஒன்பது. மூணு அபராதச் சீட்டு. மூணும் இந்த வருஷம்.

— மூணும் ஃபேலன் பக்கத்துல. அங்க இருக்கிற ஒரு பொடிப்பய என்னையே குறி வச்சு நிக்கிறான்.

— அது கிடக்கட்டும். இப்ப வந்த வேகத்துக்கு இன்னும் மூணு. ஒன்பதும் மூணும் என்ன?

— பன்னெண்டு. பன்னெண்டு ஆனா லைசென்ஸ் ஆறு மாசத்துக்குப் போச்சு. எனக்குத் தெரியாததா?

— தெரிஞ்சுமா?

— தெரிஞ்சும்தான். என் பொழைப்பே இந்தச் சாலைதான், பாத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை ஈலியிலேருந்து கிளம்பி ஃபேலன், வியாழக்கிழமை திரும்பி ஈலி. நடுவுல இருக்கிற பண்ணை எல்லாத்துக்கும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, மாட்டுக் காதுல போடற வில்லை, எல்லாம் விக்கறேன். லைசென்ஸ் போனா கம்பெனியில நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. இந்த வயசுல வேற யாரு என்னை எடுப்பா? வீட்டுல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான்.

— வீட்டுல யாரு இருக்கா?

— சுவர்தான்.

— ம். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க.

— ஏன், பறிமுதல் பண்ணப் போறீங்களா? நெவாடாவுல இது சட்டப்படி வச்சுக்கலாம்.

— வச்சுக்கலாம். யாரு இல்லேன்னா? சும்மா பாக்கத்தான் கேட்டேன். நல்ல சாமானா?

— இருக்கிறதுலயே ஒசத்தி. கடைக்காரன், இதை மாட்டிக்கிட்டா போலீஸ்காரர் வீட்டுல தும்மினாக்கூட உங்களுக்குக் கேக்கும்னான்.

— கேட்டுச்சா?

— தும்மல் கேக்கலே. ஈலியில மளிகைக் கடைக்கு அந்தத் தானாத் திறக்கிற கதவு இருக்கே, அது திறக்கிறப்பல்லாம் போலீஸ் போலீஸ்னு கத்தும். முன்னால போற புதுக் காருங்களைக் கண்டாலும் கத்தும். ஒருநாள் என்னைப் பாத்தே கத்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், ஆபீசர். இந்தக் கணவாய் இறக்கத்துல மட்டும் ஒரு தடவைகூட ஏமாத்தினது கிடையாது. அங்கே மேலே வளைவு திரும்பினதும் சொல்லிடும். நான் காலை எடுத்துடுவேன். கீழே வரும்போது எழுபது. பசு மாதிரி வருவேன்.

— ஃபேலன்ல மட்டும் மூணு தடவை மாட்டினீங்க.

— அங்கே அது சரியா வேலை செய்யலே.

— பெட்டி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் வேலை செஞ்சுது, மிஸ்டர் டிபெட்ஸ். ரேடாரை வச்சிருக்கிறவன்தான் வேற மாதிரி வேலை செஞ்சான். இது எப்படின்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?

— கடைக்காரன் சொன்னது தும்மல் வரைக்கும்தான்.

— நான் ரேடாரைப் போட்டது போட்டபடி விட்டுட்டா அந்த அலை சாலை முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்கும். உங்க பெட்டி அதை ரெண்டு மைலுக்கு அந்தாண்டையே மோந்துடும். ஆனா நான் அணைச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு வைங்க. நீங்க கிட்டே வந்தப்புறம் பொத்தானை அமுக்கறேன். பெட்டி கத்தும், நல்லாத்தான் கத்தும். ஆனா அது கத்தறப்ப உங்க வேகம் என் கையில வந்து உக்காந்தாச்சு.

— அப்ப இது எச்சரிக்கை இல்லே. சாவு செய்தி.

— அதேதான். முன்னால ஒருத்தர் போயிருந்தா மட்டும் தப்பிக்கலாம். அவருக்காக நான் பொத்தானை அமுக்கறப்ப சிதறுற அலை உங்க பெட்டியில விழும். நீங்க காலை எடுத்துடலாம்.

— முயல்.

— தெரியுமா உங்களுக்கு?

— அந்த வார்த்தை தெரியும். லாரிக்காரங்க சொல்லுவாங்க. வேகமாப் போற ஒரு கிறுக்கனை முன்னால விட்டுட்டு அரை மைல் தள்ளிப் பின்னாலயே போகணும். மாட்டுறது அவன், ஊர் போய்ச் சேர்றது நாம. அவனுக்குப் பேருதான் முயல்.

— பெரிய நெடுஞ்சாலையில அது நடக்கும். இங்கே முயலுக்கு எங்கே போறது? இன்னைக்குக் காலையிலேருந்து எத்தனை வண்டி பாத்தேன்னு நினைக்கிறீங்க?

— நாப்பது?

— பதினேழு. அதுல ஒண்ணு எனக்குத் தண்ணி கொண்டு வந்த சாலைப் பராமரிப்பு வண்டி.

— அப்ப தனியாப் போறவனுக்கு இந்தப் பெட்டியால ஒரு பிரயோஜனமும் இல்லேங்கறீங்க.

— கூட யாராவது போனாத்தான் இதுக்கு மதிப்பு. தனியாப் போறவனுக்கு இது வெறும் விளக்கு வச்ச பொம்மை.

— இதைக் கடைக்காரன் சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன். இல்லே, பொய் சொல்றேன். அப்பவும் வாங்கியிருப்பேன்.

— ஏன்?

— பேசுதே. பாத்ததில்லையா? வெறும் பீப் பீப் இல்லே, வாயைத் திறந்து பேசும். பொம்பளைக் குரல். "முன்னால ரேடார்"னு சொல்லும்.

— அதுக்காகவா?

— முன்னால எல்லாம் அந்தப் பக்கத்து சீட்டுல நோரா இருப்பா. என் பொண்டாட்டி. பிள்ளைங்க இல்லே, வீட்டுல தனியா என்ன பண்றதுன்னு என்கூடவே வந்துடுவா. கம்பளி பின்னிக்கிட்டே வருவா. தலையைத் தூக்கவே மாட்டா, ஆனா வேகம் மட்டும் எப்படித் தெரியுமோ. "லைல், எண்பது." அவ்வளவுதான். திட்ட மாட்டா. "லைல், எண்பத்தஞ்சு." இருபத்தொம்பது வருஷத்துல ஒரு சீட்டுகூட வாங்கினதில்லே நான். அவ போய் நாலு வருஷம் ஆச்சு. மொத ரெண்டு வருஷம் ரேடியோ போட்டுப் பாத்தேன். அது பாட்டுக்கு யாருக்கோ பேசுது. இந்தப் பெட்டி எனக்குன்னு பேசுது, பாத்துக்குங்க. அது "முன்னால ரேடார்"னா நான் "சரிம்மா"ன்னு சொல்லிக் காலை எடுப்பேன். சிரிக்காதீங்க.

— நான் சிரிக்கலே.

— வாரம் பூரா அது ஒழுங்காப் பேசுற இடம் இந்தக் கணவாய் ஒண்ணுதான். அதனாலதான் மேலேயிருந்து இறங்கறப்ப வேணும்னே வேகமா வருவேன். அது சொல்லட்டும்னு.

— மிஸ்டர் டிபெட்ஸ்.

— சொல்லுங்க.

— ரெண்டு வருஷமா உங்களுக்குச் சொன்னது அந்தப் பெட்டி இல்லே. நான்.

— புரியலே.

— நான் ரேடாரை அணைக்கிறதே இல்லே. காலையில எட்டு மணிக்கு வந்து இந்த இடத்துல நிறுத்தினா போடுவேன். கிளம்புறப்பத்தான் அணைப்பேன். வேணும்னேதான். பெட்டி வச்சிருக்கிறவன் எல்லாம் கேட்டுட்டு மெதுவாப் போகட்டும்னு.

— எந்தப் போலீஸ்காரர் அப்படிப் பண்ணுவார்?

— என் சார்ஜென்ட்டும் அதையேதான் கேக்கறார். உன் சீட்டுப் புத்தகம் ஏன் இப்படிப் பளபளன்னு புதுசா இருக்குன்னு. ஒரு காபி இருக்குமா? அந்த ஃபிளாஸ்க்ல?

— இருக்கே. இந்தாங்க, மூடியிலயே ஊத்தறேன். சக்கரை போட்டிருக்கேன்.

— பரவாயில்லே. ரெண்டு வருஷம் முன்னாடி, ஜூன் மாசம், அதோ அந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கார் உருண்டு கிடந்தது. கலிபோர்னியா பொண்ணு. இருபத்திரெண்டு வயசு. காலேஜ் முடிச்சு எங்கேயோ வேலைக்குச் சேரப் போறா. சாலை காலியா இருக்கேன்னு மிதிச்சிருக்கா. மாடு குறுக்கே வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம். அது வரைக்கும் நான் ஒருத்தன்தான்.

— பொழைச்சாளா?

— இல்லே. ஆனா பேசிக்கிட்டிருந்தா. "ஏதாவது பேசுங்க, நிறுத்தாதீங்க"ன்னா. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலே, மிஸ்டர் டிபெட்ஸ். இருபத்தாறு வருஷமா ஜனங்ககிட்ட லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் தவிர எதையும் கேட்டதில்லே. கடைசியில எங்க அப்பா ஆடு மேய்ச்ச கதையைச் சொன்னேன். எந்த மலையில எத்தனை ஆடு, நாய்க்கு என்ன பேரு, அதெல்லாம். அதைக் கேட்டுக்கிட்டேதான் போனா. அடுத்த நாள்லேருந்து நான் ரேடாரை அணைக்கலே. புடிக்கிறதுல எனக்கு ஆசையே போச்சு. மெதுவாப் போனாப் போதும்.

— இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

— ஊத்துங்க.

— இதெல்லாம் உங்க சட்டையில இருக்கிற கேமராவுல விழுதே.

— விழட்டும். அஞ்சு மணிக்கு இதைக் கழட்டி மேஜையில வச்சுட்டு வந்துடுவேன். இன்னையோட ரிட்டயர் எனக்கு.

— ம்.

— கேக் வெட்டுறாங்களாம். மூணு பேர் வருவாங்க. அதுல ரெண்டு பேருக்கு இன்னும் என் பேரைச் சொல்லவே வராது. எச்செவெரி. பாஸ்க் பேரு, ஸ்பெயின் மலைப்பக்கத்து ஜனங்க பேரு. எட்டி, எச்சி, என்னென்னமோ சொல்லுவாங்க.

— எச்செவெரி.

— பாத்தீங்களா, உங்களுக்கு வருது.

— இவ்வளவு நாளா அணைக்காத ரேடாரை இன்னைக்கு ஏன் அணைச்சீங்க, ஆபீசர் எச்செவெரி? பெட்டி பேசலையே.

— நாளையிலேருந்து இங்கே ஒரு புதுப் பையன் நிப்பான். ஃபேலன்ல உங்களை மூணு தடவை புடிச்ச அதே பையன்தான். கெட்டிக்காரன். அணைச்சு வச்சுக்கிட்டுப் பொத்தானை அமுக்கற ரகம். நீங்க அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தப் பெட்டியை நம்பித் தொண்ணூறுல இறங்குவீங்க. லைசென்ஸ் போயிடும். இல்லே, உயிரே போயிடும். அதை உங்ககிட்டே சொல்லணும்னு நினைச்சேன்.

— அதுக்கா?

— அது பாதி.

— மீதி?

— மீதியை எப்படிச் சொல்றது? செவ்வாய்க்கிழமை ஒண்ணு இருபதுக்கு ஒரு பச்சை வண்டி வரும். எழுபதுல வரும். ஓட்டுறவர் ஸ்டியரிங்கிலேருந்து கையை எடுக்காம ரெண்டு விரலைத் தூக்குவார்.

— நீங்க விளக்கை ஒரு தடவை அடிப்பீங்க.

— போலீஸ் வண்டியைப் பாத்து விரல் தூக்குறவர் இந்தச் சாலையில வேற யாரும் இல்லே. மத்தவங்க எல்லாம் சவம் மாதிரி நேரா முன்னால பாத்துக்கிட்டுப் போவாங்க. எனக்கு அது... அந்த ரெண்டு விரல் ரெண்டு நாளைக்குத் தாங்கும். பதினோரு வருஷம் முன்னாடி என் பொண்டாட்டி ரீனோவுக்குப் போயிட்டா. இந்த அத்துவானக் காட்டுல இருக்க முடியாதுன்னா. தப்பு சொல்ல முடியாது. அப்புறம் எனக்குன்னு யாரும் கையைத் தூக்கினதில்லே. போறதுக்கு முன்னாடி அது யாருன்னு ஒரு தடவை பாக்கணும்னு தோணிச்சு. பேராவது தெரிஞ்சுக்கலாமேன்னு.

— ஒரு கையைக் காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேனே!

— அப்படி நிறுத்தக் கூடாது. சும்மா போற ஆளைச் சும்மா நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. காரணம் எழுதணும். பேசணும்னு ஆசையா இருந்ததுன்னு எழுத அந்தத் தாள்ல இடம் இல்லே. இந்த வேலையே அப்படித்தான். நான் ஒருத்தர்கிட்டே பேசணும்னா அவர் தப்பு பண்ணியிருக்கணும். இருபத்தாறு வருஷமா என்கிட்டே பேசினவங்க எல்லாம் ஒண்ணு பயந்தவங்க, இல்லே கோபத்துல இருந்தவங்க.

— அதனால நான் தப்பு பண்ணட்டும்னு அணைச்சு வச்சீங்க.

— ஆமா. வலை விரிச்சேன். பெட்டி பேசலேன்னா நீங்க வேகமாவே வருவீங்கன்னு தெரியும். ஒரு எச்சரிக்கைத் தாளை நீட்டிட்டு ரெண்டு வார்த்தை பேசலாம்னு நினைச்சேன். உங்க பேரைத் தட்டறப்பத்தான் ஒன்பதுன்னு வந்தது. எனக்கு உறைச்சுது. என் ஆசைக்கு ஒருத்தர் பொழைப்போட விளையாடிட்டேனேன்னு. மன்னிச்சுக்குங்க.

— அப்ப சீட்டு எழுதப் போறீங்களா, இல்லையா? அதைச் சொல்லிடுங்க.

— எழுதியாச்சு. வண்டியிலேயே எழுதிட்டேன். இந்தாங்க.

— கண்ணாடி எங்கே வச்சேன்... எச்சரிக்கை மட்டும்.

— எச்சரிக்கை மட்டும்தான். புள்ளி இல்லே. அது என் இஷ்டம், யாரும் கேக்க முடியாது. கீழே கையெழுத்துப் போடுங்க. என் பேரு பெனாட்.

— லைல்.

— அது தெரியும். லைசென்ஸ்ல பாத்துட்டேன்.

— அது போலீஸ்காரருக்குச் சொன்னது. இது பெனாட்டுக்கு.

— சரி, லைல். அந்தப் பெட்டியைக் கழட்டி உள்ளே போடுங்க. இனிமே அது சொல்றதைக் கேக்காதீங்க. எழுபதுல போங்க.

— போறேன். நீங்க நாளையிலேருந்து எங்கே?

— எல்கோவுல என் தங்கச்சி வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. போய்த்தான் பாக்கணும். நீங்க கிளம்புங்க, வழியில பண்ணையெல்லாம் பாத்துட்டு ஃபேலன் போக இருட்டிடும்.

— பெனாட், ஒண்ணு சொல்லணும். கேமராவை மூடிக்கிறதுன்னா மூடிக்குங்க.

— ஓடட்டும், சொல்லுங்க.

— போன வாரம், வழியில இருக்கே ஆஸ்டின், அங்கே காபிக்கடை வச்சிருக்கிற மார்லீன் சொன்னா. கணவாய்க்குக் கீழே நிப்பாரே அந்த ஆபீசர், அவருக்கு வர்ற செவ்வாய்க்கிழமையோட வேலை முடியுதாம்னு.

— அப்ப இன்னைக்கு நான் இங்கே நிப்பேன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா? தெரிஞ்சும், ஒன்பது புள்ளியைத் தலையில வச்சுக்கிட்டு, இப்படிப் பறந்தா வருவாங்க? அந்தப் பெட்டியை அவ்வளவா நம்பினீங்க?

— மேலே வளைவு திரும்பறப்ப எழுபதுலதான் வந்தேன், பெனாட். அங்கேயிருந்தே உங்க வண்டி தெரிஞ்சுது. அதைப் பாத்தப்புறம்தான் ஆக்சிலேட்டரை மிதிச்சேன்.